பாசிக்குச் சோறு போட்ட கோமாளி மீன்

கண்ணாடிக்குள் அடைத்த ஒரு குட்டிக் கடலில் செம்பி என்ற கோமாளி மீன் வாழ்ந்து வந்தாள். அந்தக் கடல் சிவஞானம் வீட்டுக் கூடத்தில், சோபாவுக்கு எதிரே இருந்தது. உள்ளே உப்புத் தண்ணீர், வெள்ளை மணல், ஓட்டை விழுந்த பாறைகள். ஒரு மூலையில் சின்ன மோட்டார் ஒன்று ஓயாமல் சுழன்று அலையடித்துக்கொண்டிருந்தது.

நடுப்பாறையின் உச்சியில் சாமந்தி இருந்தாள். அவள் பூ அல்ல, கடல் சாமந்தி. பூவைப் போல விரிந்திருக்கும் உயிர். அவளுடைய நூறு கைகளில் எதைத் தொட்டாலும் மற்ற மீன்களுக்குச் சுரீரென்று எரியும். செம்பிக்கு மட்டும் எரியாது. அந்தக் கைகளுக்கு நடுவே புகுந்து படுத்துக்கொள்வாள். அதுதான் அவள் வீடு.

செம்பிக்கு ஒரு திறமை இருந்தது. நன்றாக ஆடுவாள்!

கண்ணாடியில் நிழல் விழுந்தால் போதும். விருட்டென்று முன்னால் வந்து, உடம்பை நெளித்து, வாலைப் படபடவென்று அடித்து, மேலும் கீழும் குதிப்பாள். பார்ப்பவர்களுக்கு, 'ஐயோ, இது சாப்பிட்டு எத்தனை நாளாச்சோ!' என்று தோன்றும். உடனே மூடி திறக்கும். ஒரு கை உள்ளே வரும். தீவனம் மழையாகக் கொட்டும்.

காலையில் வருவது கடிகாரக் கை. அது சிவஞானத்தின் கை. மதியம் வருவது வளையல் கை. அது அவர் மனைவி வடிவினுடையது. மாலையில் மருதாணிக் கை வரும். அது மகள் தாரணியின் கை. மூவரும் வேறு வேறு நேரத்தில் வந்தார்கள். ஒவ்வொருவரும், "பாவம், இந்த வீட்டுல இதுங்களைக் கவனிக்க என்னை விட்டா ஆளே இல்லை" என்று சொல்லிக்கொண்டே போட்டார்கள்.

"அடுத்த கை வருது! ஆடு செம்பி, ஆடு!" என்று கத்துவான் நீலன்.

நீலன் என்பது ஊதா நிறத்தில் மின்னும் ஒரு முரட்டு மீன். விரல் நீளம்தான் இருப்பான். வாய் மட்டும் திமிங்கலத்தினுடையது. அவன் பின்னால் இரண்டு பொடி மீன்கள் எப்போதும் திரியும். நீலன் இடப்பக்கம் திரும்பினால் அவையும் இடப்பக்கம் திரும்பும்.

அவர்கள் எல்லோரும் சேர்ந்து வேண்டிய மட்டும் விழுங்குவார்கள். பிறகு வயிறு கொள்ளாமல் துப்புவார்கள். மிச்சமெல்லாம் பாறை இடுக்குகளில் போய் விழும். அதை யாரும் கவனித்ததில்லை.

ஒரு நாள் ஆடி முடித்துத் திரும்பும்போது, பாறைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"ஆகா! என்ன ஆட்டம்! என்ன நெளிவு!"

செம்பி எட்டிப் பார்த்தாள். அங்கே பச்சைப் பசேலென்று கொஞ்சம் பாசி, தலைமுடியைப் போல அசைந்துகொண்டிருந்தது.

"என்னையா சொல்றே?" என்றாள் செம்பி கூச்சத்தோடு.

"வேற யாரைச் சொல்வேன், கண்ணு? நீ ஆடும்போது என் உடம்பே தன்னால ஆடுது பாரு! நாளைக்கும் ஆடணும். இன்னும் நல்லா ஆடணும்!"

செம்பி அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். சாமந்தி இதுவரை ஒரு வார்த்தை புகழ்ந்ததில்லை. நீலனுக்குத் தீவனம் விழுவதில்தான் கண். தன் ஆட்டத்தை ஆட்டத்துக்காகவே ரசிக்கும் ஒரே உயிர் இதுதான் என்று அவள் நினைத்தாள். மறுநாள் கூடுதலாக ஆடினாள். கூடுதலாகத் தீவனம் விழுந்தது. பாசியும் கூடுதலாக அசைந்து பாராட்டியது.

கொஞ்ச நாளில் சாமந்தி கேட்டாள்.

"செம்பி, என் கால்கிட்ட என்னமோ உறுத்துது. என்னன்னு பாரேன்."

"அது பாசிதான் அக்கா. நல்ல புள்ளை. என் ஆட்டத்தை ரொம்ப ரசிக்கும்."

"ரசிக்கட்டும். என் மேல உக்காந்துதான் ரசிக்கணுமா?"

செம்பி சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் பாசி நிற்கவில்லை. பாறையை மூடியது. மணலில் படர்ந்தது. கண்ணாடியில் ஏறியது. சாமந்தியின் காலைச் சுற்றிக்கொண்டு, கைகளுக்கு நடுவிலும் நுழைந்தது. வெளிச்சம் படாமல் சாமந்தியின் கைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. ஒரு காலையில் செம்பி வெளியே போய்விட்டு வந்து பார்த்தபோது, படுத்துக்கொள்ள இடமே இல்லை. சாமந்தி ஒரு சின்னப் பந்தாகச் சுருண்டிருந்தாள்.

"நான் கிளம்புறேன், செம்பி" என்றாள் சாமந்தி களைத்த குரலில்.

"எங்கே அக்கா?"

"வேற பாறைக்கு. காலைப் பிடுங்கிட்டு அலையோட போயிடுவேன். இங்கே இருந்தா மூச்சு முட்டியே செத்துடுவேன்."

 அந்தக் கடலில் அலை போகும் வழி ஒன்றுதான். சுற்றிச் சுற்றி மோட்டாரின் வாய்க்குத்தான் போகும். மோட்டார் ஒரு கொத்துக் கடற்புல்லை இழுத்து நார் நாராகக் கிழித்ததை செம்பி தன் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

"வேண்டாம் அக்கா! கொஞ்சம் பொறுங்க! நான் ஏதாவது செய்றேன்!"

செம்பி எல்லோரையும் கூட்டினாள். கூடியதும் நீலன் நேரே, பாறையடியில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்த கிழ நத்தையைத்தான் பிடித்தான்.

"யோவ் நத்தை! பாசியைத் தின்னத்தானே உம்மைக் கொண்டாந்து விட்டாங்க? என்ன செஞ்சுக்கிட்டு இருக்கீரு?"

"தின்னுக்கிட்டுதான்யா இருக்கேன்! நான் ஒரு வாய் கடிச்சா அது ரெண்டு வாய் வளருது. எனக்கு இருக்கிறது ஒரே வாய்!"

"வேகமாத் தின்னும்!"

"வேகமாத் தின்னும்! வேகமாத் தின்னும்!" என்றன பொடி மீன்கள்.

செம்பியும், "கொஞ்சம் வேகமாத்தான் சாப்பிடுங்களேன் மாமா" என்றாள் பாவமாக.

நத்தையார் ரோஷத்தோடு கண்ணாடியில் ஏறினார். அவசர அவசரமாக மென்றார். பாதி உயரத்தில் பிடி நழுவி, தொப்பென்று மணலில் மல்லாக்க விழுந்தார். செம்பி மூக்கால் முட்டி முட்டி அவரைப் புரட்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"இனிமே என்னை யாரும் அவசரப்படுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஓட்டுக்குள் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடிகாரக் கை ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு உள்ளே வந்தது. பாறை பாறையாகத் தேய்த்தது. பிடுங்கிய பாசியையெல்லாம் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தது. கடல் பளிச்சென்று ஆகிவிட்டது!

"ஒழிஞ்சான் எதிரி!" என்று நீலன் குட்டிக்கரணம் போட்டான். சாமந்தி நான்கு கைகளை நீட்டிப் பார்த்தாள். செம்பி மகிழ்ச்சி தாங்காமல் என்றுமில்லாத ஆட்டம் ஆடினாள்.

"அடடே, இன்னிக்கு எவ்வளவு அழகா இருக்கு!" என்று கடிகாரக் கை இரண்டு சிட்டிகை போட்டது. வளையல் கை, நறுக்கிய இறாலைக் கொட்டியது. மருதாணிக் கை தீவன டப்பாவையே கவிழ்க்காத குறைதான்.

அன்று ஒரு குருணைத் தீவனம் சுழன்று சுழன்று வந்து, சாமந்தியின் காலடியில் இருந்த சந்துக்குள் விழுந்தது. எடுக்கலாம் என்று செம்பி மூக்கை நுழைத்தாள். எட்டவில்லை. விட்டுவிட்டாள்.

மறுநாள் பார்த்தாள். குருணை ஊதி, வெள்ளைக் கூழாக இருந்தது. அதற்கும் மறுநாள் பார்த்தாள். கூழைச் சுற்றிப் பச்சையாக ஒரு பூனைமயிர் படர்ந்திருந்தது. பக்கத்துக் கல்லைப் பார்த்தாள். அது சுத்தமாக இருந்தது. அந்தப் பக்கத்துக் கல்லையும் பார்த்தாள். அங்கே ஓர் இறால் துணுக்கு அழுகிக்கிடந்தது. அதன் மேலும் பச்சை! இன்னும் இரண்டே நாளில் அந்தப் பச்சை மறுபடியும் சாமந்தியின் காலைச் சுற்றி வளைத்துவிட்டது.

"வந்துட்டேன், கண்ணு!" என்றது பாசி. "நேத்து ஆட்டம் கொஞ்சம் மந்தமா இருந்துச்சே? ஆடு, ஆடு!"

"உன்னைத்தான் வேரோட சுரண்டி எடுத்தாங்களே?"

"சுரண்டினாங்க. அப்புறம் சோறும் போட்டாங்களே!" பாசி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "நீ ஆடினாத்தான் கை வரும். கை வந்தாத்தான் சோறு வரும். உனக்கு ஒரு வாய், மிச்சமெல்லாம் எனக்கு! உன்னைப் போல ஒரு மகராசி கிடைக்கணுமே! உன் ஆட்டத்தை நான் ஏன் ரசிக்க மாட்டேன்?"

 செம்பியின் ஆரஞ்சு நிறம்கூட ஒரு கணம் வெளுத்தது. நத்தையாரைத் திட்டினோமே! பிரஷ்ஷை நம்பினோமே! என் வீட்டைத் தின்கிற எதிரிக்கு மூன்று வேளையும் சோறு ஊட்டியது என் வால்தானே!

அவள் நேரே நீலனிடம் போனாள்.

"நீலா, நாளையிலிருந்து நாம ஆடக் கூடாது. முன்னாடியே போகக் கூடாது. நாம ஆடுறதாலதான் சோறு கொட்டுது. மிஞ்சின சோறுதான் பாசிக்குப் போகுது."

"பைத்தியமா உனக்கு? வர்ற சோத்தை எவனாவது வேண்டாம்பானா?"

"சாமந்தியக்கா செத்துடுவாங்கடா!"

"அவங்க உன் வீடு. என் வீடு பாறைக் குகை. என் வயிறு எனக்கு."

"என் வயிறு எனக்கு! என் வயிறு எனக்கு!" என்றன பொடி மீன்கள்.

கெஞ்சினால் நீலன் மசிய மாட்டான் என்று செம்பிக்குத் தெரிந்துவிட்டது. எதற்கு மசிவான் என்று யோசித்தாள். பிறகு அலட்சியமாக வாலை ஒரு பக்கம் ஒடித்துக்கொண்டு சொன்னாள்.

"நீ ஒத்துக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். உன்னால முடியாது. மருதாணிக் கை விரலை ஆட்டினா நீ வாலை ஆட்டுறே. பேரு மட்டும் இந்தக் கடலுக்கே ராஜா!"

நீலனின் துடுப்புகள் விறைத்தன. "யாருடீ வாலை ஆட்டுறது? நினைச்சா ஒரு நாள் என்ன, ஒரு மாசம் முன்னாடி போகாம இருப்பேன்!"

"இருந்து காட்டு! பந்தயம்! யாரு முதல்ல கண்ணாடிப் பக்கம் போறாங்களோ அவங்க தோத்தாங்க. நான் தோத்தா என் பங்குச் சாப்பாடு இனிமே உனக்கே. நீ தோத்தா, 'நான் கைக்கு வாலாட்டுறவன்'னு நத்தை மாமா முன்னாடி ஒத்துக்கணும்."

"பந்தயம்!" என்றான் நீலன்.

"பந்தயம்! பந்தயம்!" என்றன பொடி மீன்கள், எதற்கென்றே தெரியாமல்.

விடிந்தது. விளக்கு எரிந்தது. கண்ணாடியில் நிழல் விழுந்தது.

செம்பி சாமந்தியின் பக்கத்தில் பதுங்கிக்கொண்டாள். நீலன் குகைக்குள் புகுந்துகொண்டான். பொடி மீன்கள் அவன் முதுகுக்குப் பின்னால் நெருக்கியடித்தன.

கடிகாரக் கை மூடியைத் திறந்தது. விரலில் தீவனத்தை எடுத்தது. கீழே யாரும் இல்லை! கை அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு தீவனத்தை டப்பாவுக்குள்ளேயே போட்டுவிட்டு, கண்ணாடியை டொக் டொக்கென்று தட்டியது.

"என்னாச்சு இதுங்களுக்கு?"

குகைக்குள் நீலனின் வாய் தானாகத் திறந்து திறந்து மூடியது. மூக்கை வெளியே நீட்டினான். செம்பி அங்கிருந்தே ஒரு புருவத்தை உயர்த்துவது போல முகத்தை வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். மூக்கு உள்ளே போய்விட்டது.

செம்பிக்கும் எளிதாக இல்லை. நிழலைக் கண்டதும் அவள் வால் துடித்தது. பசியைவிடப் பெரிய தொல்லை பாசியின் குரல்தான்.

"ஒரே ஒரு ஆட்டம், கண்ணு! இத்தனை நாள் கைதட்டினேனே, எனக்காக ஒண்ணு ஆடக் கூடாதா? நீ ஆடலைன்னா உன்னை யாரு பார்ப்பா? நீ சும்மா ஒரு ஆரஞ்சு மீன்தானே!"

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. செம்பி துடிக்கும் வாலைப் பாறையோடு அழுத்திக்கொண்டாள். அசையவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சாமந்தியின் கால், பாறையை விட்டு நழுவியது. அலை அவளைத் தூக்கியது. காய்ந்த இலையைப் போல அவள் உருண்டு உருண்டு மோட்டார் இருந்த மூலையை நோக்கி மிதக்க ஆரம்பித்தாள்.

"அக்கா!"

"ஆடு!" என்று கத்தியது பாசி. "முன்னாடி போய் ஆடு! உன்னைப் பார்ப்பாங்க, ஓடி வருவாங்க!"

செம்பி ஒரு கணம் திகைத்தாள். ஆடினால் பார்ப்பார்கள்தான். ஆனால் என்னை மட்டும்தானே பார்ப்பார்கள்? இத்தனை நாளும் அப்படித்தானே? நான் ஆடினால் சோறுதான் விழும்!

அவள் கண்ணாடிப் பக்கம் போகவில்லை. சாமந்தியோடு போனாள். அவளுக்கும் மோட்டாருக்கும் நடுவே நின்று, வாலால் தண்ணீரை எதிர்த்து அடித்தாள். அலை இருவரையும் சேர்த்து இழுத்தது. மோட்டாரின் இரைச்சல் காதை அடைத்தது.

வெளியே சிவஞானம் குரல் கொடுத்தார். "வடிவு! தாரணி! இங்க வாங்க, ஒரு மீனைக்கூடக் காணோம்!"

இருவரும் ஓடி வந்தார்கள். அந்த வீட்டில் மூவரும் ஒன்றாகச் சேர்ந்து அந்தக் கடலின் முன்னால் நின்றது அன்றுதான். வேடிக்கை காட்ட முன்னால் யாரும் இல்லாததால், அவர்களுடைய கண்கள் முதன்முதலாக உள்ளே எல்லா இடத்தையும் தேடின.

"அப்பா! அந்தச் சாமந்தி பாறையை விட்டு வந்துடுச்சு! மோட்டார்கிட்டே போகுது! நிறுத்துங்க, நிறுத்துங்க!"

சிவஞானம் பாய்ந்து சுவிட்சைத் தட்டினார். கரகரவென்று சுற்றிய மோட்டார் மூச்சுவிட்டு நின்றது. அலை அடங்கியது. மோட்டாரின் வாய்க்கு ஒரு விரல் தூரத்தில், சாமந்தி மெதுவாக மணலில் இறங்கினாள். செம்பி அவள் மேலேயே மூச்சிரைக்க விழுந்தாள்.

"பிழைச்சுட்டோம் அக்கா!"

"நீ என்னைத் தள்ளினியா, நான் உன்னைத் தள்ளினேனா, ஒண்ணும் புரியலை" என்றாள் சாமந்தி.

வெளியே பேச்சு சூடாக நடந்தது.

"எவ்வளவு பாசி, பாரு! போன ஞாயிறுதானே தேய்ச்சேன்? சாப்பாடு வேற தங்கிக் கிடக்கு. காலையில நான் ஒரு சிட்டிகைதானே போடுறேன்!"

"காலையிலயா? நீங்க போடுறீங்களா?" என்றாள் வடிவு. "மதியம் நான்ல இறால் போடுறேன்! அதுங்க ஆடுற ஆட்டத்தைப் பார்த்தா மனசு கேக்குதா?"

தாரணி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அம்மா... சாயங்காலம் நானும் போடுறேன். நிறையவே போடுறேன்."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எல்லாரையும் ஏமாத்தியிருக்குதே இந்தக் கோமாளி!"

அன்றோடு எல்லாம் மாறியது. ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் தாரணி கையால் மட்டும், மீன்கள் தின்று தீர்க்கிற அளவுக்கு. தங்கிக் கிடந்ததையெல்லாம் உறிஞ்சி எடுத்து, புது உப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். பாசிக்குப் பிடித்த விளக்கையும் தினமும் சீக்கிரமே அணைத்தார்கள். மோட்டாரின் வாய்க்கு வலை கட்டினார்கள். சாமந்தி மணலில் ஊர்ந்து போய், பழைய இடத்தைவிட உயரமான ஒரு பாறையில் கால் ஊன்றிக்கொண்டாள்.

பாசிக்குத்தான் பட்டினி.

"கண்ணு... ஒரே ஒரு குருணை..." என்றது வெளிறிப்போய்.

"நான் சும்மா ஒரு ஆரஞ்சு மீன்தானே? என்கிட்ட ஏன் கேக்குறே?" என்றாள் செம்பி.

நத்தையார் ஓட்டை விட்டு வெளியே வந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒரு வாய் கடித்தார். திரும்பிப் பார்த்தார். கடித்த இடம் வெறும் பாறையாகவே இருந்தது. இன்னொரு வாய் கடித்தார். அதுவும் அப்படியே!

"அடேய், இப்போ என் ஒரு வாயே போதுமடா!" என்று அவர் சத்தம் போட்டுச் சிரித்தார்.

நீலன் குகை வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அவன் இளைத்து, அழகாகியிருந்தான். "பார்த்தீங்களா? நான் முன்னாடி போகாம இருந்ததாலதான் கடலே பிழைச்சுது!"

"பிழைச்சுது! பிழைச்சுது!" என்றன பொடி மீன்கள்.

செம்பி சிரித்துக்கொண்டே சாமந்தியின் பாறைக்கு நீந்திப் போனாள்.  நத்தையார் மணலின் ஓரத்தில் பாசியின் கடைசிக் கொத்தை மென்றுகொண்டிருந்தார். அது முடிந்தபோது அந்தக் கடலில் பாசி என்று ஒரு நூல்கூட இல்லை. உயரப் பாறையில் சாமந்தி தன் நூறு கைகளையும் விரித்தாள். வெளிச்சம் அவற்றின் நுனிகளில் பட்டு மினுங்கியது. கூடத்தில் இருந்த மூவரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். செம்பி தலைகீழாகப் பாய்ந்து அந்தக் கைகளுக்குள் புகுந்து, வால் மட்டும் தெரியப் படுத்துக்கொண்டாள்.

எதிரியை வெட்டி வெட்டி ஓய்ந்துபோவதைவிட, அவனுக்கு நாமே போட்டுக்கொண்டிருக்கும் சோற்றை நிறுத்துகிறவர்தான் வெற்றி பெறுவார்.